தோட்டத்து ஆஸ்பத்திரியின் தகரக் கூரை

போன செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் நல்ல மழை. இடியும் கூடவே. ஆஸ்பத்திரி வார்டுக்குள் அப்போது ஒன்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் எழுந்து வெளியே போகவில்லை. நடக்கப் பழகும் நடைக்கம்பியில் நின்றவர் கையை எடுக்காமல் அடுத்த அடியை வைத்தார். சுவரோரம் தைத்துக்கொண்டிருந்த, மியன்மாரின் சின் இனத்து அம்மா ஊசியைக்கூட நிறுத்தவில்லை. நான் கதவருகில் கையில் போனோடு நின்றேன். சத்தம் அளக்கும் செயலியில் 65 டெசிபல் என்று காட்டியது. ஏழு மாதத்துக்கு முன் இதே இடத்தில், இதே மாதிரி மழையில், 86 காட்டியது. அன்று ஒருவரும் இருந்த இடத்தில் இருக்கவில்லை.

இந்த வேலையை இனி எழுதி வைக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. பழைய கட்டடத்தை இப்படி மாற்ற நினைக்கும் யாருக்காவது பயன்படும். நான் முப்பது வருடமாக வீடு புதுப்பிக்கும் வேலை எடுத்துச் செய்கிறேன். மரவேலை என் சொந்தத் தொழில், சுவர் வேலை பார்த்துப் பழகியது. போரில் அடிபட்டு வந்தவர்களுக்கு நடைப்பயிற்சி எடுக்க ஓர் இடம் அமைத்துக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அதனால் தவறுகளும் நிறைய.

கட்டடம் எங்கள் தோட்டத்தின் பழைய ஆஸ்பத்திரி. ரப்பர் இருந்த காலத்தில் டிரசர் (மருத்துவ உதவியாளர்) ஒருவரும் ஆயா இரண்டு பேரும் வைத்து நடத்தியது. தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறி, தொழிலாளர் லயங்கள் காலியான பிறகு உரமூட்டை அடுக்கும் கிடங்கானது. அப்புறம் அதுவும் இல்லை. செங்கல் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய ஒரே நீள வார்டு: 21 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், முன்பக்கம் முழுக்க வராந்தா. தரை பலகை. கூரைச் சட்டங்கள் எல்லாம் செங்கால் என்ற கடின மரம். முதலில் ஓட்டுக் கூரையாக இருந்து, பிறகு தகரம் மாற்றியிருக்கிறார்கள். ஓடுகளில் கொஞ்சம் கட்டடத்துக்கு அடியிலேயே அடுக்கிக் கிடந்தன.

எனக்கு இந்தக் கட்டடத்தோடு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போடக் கொண்டுபோனவர்களில் என் தாத்தா ஒருவர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே செத்தார்கள். தாத்தா திரும்பி வந்தார், காலில் எலும்பு தெரியும் புண்ணோடு. இந்த வார்டில் எட்டு மாதம் கிடந்ததாகப் பாட்டி சொல்வார். திரும்ப நடக்கப் பழகியது இந்த வராந்தாக் கைப்பிடியைப் பிடித்துத்தானாம். அதனால், பக்கத்து நகரமான ஈப்போவிலிருந்து வந்த இயன்முறை மருத்துவர் பெண், "அங்கிள், இங்கே வாரத்தில் ரெண்டு நாள் பயிற்சி கொடுக்க ஒரு இடம் கிடைக்குமா?" என்று கேட்டபோது நான் வேறு இடம் யோசிக்கவில்லை.

வருபவர்கள் பெரும்பாலும் மியன்மாரிலிருந்து வந்தவர்கள், சின் இனத்தார், ரோஹிங்யாக்கள். இலங்கைத் தமிழர்கள் சிலர். மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. ஐ.நா. அகதிகள் அமைப்பான யுஎன்எச்சிஆரின் அட்டை இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி கழிவு கிடைக்கும். அந்தப் பாதியையும் வாராவாரம் கட்டி, ஈப்போவுக்கு பஸ் ஏறி, ஆறு மாதம் நடைப்பயிற்சி எடுக்க யாரால் முடியும்? முதல் மாதத்தோடு விட்டுவிடுவார்கள். பக்கத்திலேயே ஓர் இடம் வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

பிப்ரவரியில் தொடங்கினோம். முதல் தவறும் பிப்ரவரியிலேயே.

சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை ஈரம். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மேலே சிமெண்டுப் பூச்சு, அதன்மேல் எத்தனையோ அடுக்கு பெயிண்டு. நான் சுரண்டித் துடைத்துவிட்டு, ஈரம் தடுக்கும் பெயிண்டு இரண்டு கோட்டு அடித்தேன். 640 வெள்ளி (ரிங்கிட்). ஐந்தே வாரத்தில் தோசை மாதிரி எழும்பி உரிந்தது. உள்ளே தண்ணீர் நிற்க, வெளியே கதவைச் சாத்தியதுதான் நான் செய்த காரியம். பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் விட்டுவிடும். சிமெண்டு பூசினால் விட முடியாது. இது கேள்விப்படாத விஷயம் இல்லை. அவசரத்தில் செய்தது.

சரி, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் குனிந்து பார்த்தேன். தூண்களுக்கு இடையே காற்றுப் போக விட்டிருந்த துவாரக் கற்கள் எல்லாம் மண்ணில் புதைந்திருந்தன. கட்டடத்தைச் சுற்றி ஓடிய லோங்காங் (வடிகால்) மூடிப்போய் அதன்மேல் புல். கூரைத் தண்ணீர் பீலி இல்லாமல் நேராகச் சுவரடியில் விழுகிறது. நாலு பேர் வைத்து ஆறு நாள் தோண்டினோம். லோங்காங்கை வெளியே சாய்வாகத் திருப்பி, பீலி கட்டி, துவாரக் கற்களைத் திறந்து எலி புகாதபடி வலை அடித்தோம். 3,200 வெள்ளி. சுவரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

அப்புறம் சிமெண்டை உடைத்தோம். 1.2 மீட்டர் உயரத்துக்கு, உள்ளும் புறமும். மெஷின் வைத்தால் செங்கல்லும் சேர்ந்து போகிறது என்பது முதல் அரை மணியிலேயே தெரிந்துவிட்டது. சின்னச் சுத்தியலும் தட்டை உளியும்தான். இரண்டு பேருக்கு எட்டு நாள் ஆனது. அதன்பின் ஏழு வாரம் சுவரை அப்படியே விட்டோம். வாரம் ஒருமுறை ஓர் அடி சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் உள்பக்கம் வேர்த்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஐந்தாவது வாரம்கூட வேர்த்தது. ஏழாவது வாரம் நின்றது.

சுண்ணாம்புக்கு நாங்கள் அதிகம் அலைய வேண்டியதில்லை. ஈப்போவைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள்தானே. சிம்பாங் பூலாய்ப் பக்கம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. 25 கிலோ மூட்டை 16 வெள்ளி, 15 மூட்டை எடுத்தேன். சுவர் காய்ந்துகொண்டிருந்த அந்த ஏழு வாரத்தில் அதை ஐந்து டிரம்மில் நீற்றி ஊற வைத்தோம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: முதலில் டிரம்மில் தண்ணீர், பிறகு அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண் போய்விடும். கண்ணாடியும் நீளக் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடவில்லை. ஒரு மாதம் ஊறியதும் வெண்ணெய் மாதிரி ஆனது.

முதல் பூச்சு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு மணல். கெட்டியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வராந்தாப் பக்கம் முழுக்க ஆமை ஓடு மாதிரி விரிசல். கலவையில் சுண்ணாம்பு அதிகம், வெயிலும் நேராக. சுரண்டி எடுத்துவிட்டு, ஒன்றுக்கு மூன்றாக, கழுவிய ஆற்றுமணலில் கலந்தோம். 10 மிமீ, பிறகு 8, கடைசியாக 4 என்று மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வாரம் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, காலை மாலை தண்ணீர் தெளித்தோம். கொத்தனார் ஐயா தமிழ்நாட்டில் கடுக்காயும் வெல்லமும் ஊற வைத்த தண்ணீர் சேர்ப்பார்கள் என்றார். கடுக்காய் கைக்குக் கிடைக்கவில்லை. குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) கரைத்து இரண்டடி சதுரத்தில் பூசிப் பார்த்தோம். பூச்சு நன்றாகத்தான் பிடித்தது, ஆனால் எறும்பு வரிசை கட்டி வந்தது. விட்டுவிட்டோம். சுவர் வேலை எல்லாம் சேர்த்து 6,060 வெள்ளி. இன்றுவரை ஓர் இடத்திலும் உப்புப் பூக்கவில்லை. கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறது.

கூரைச் சட்டங்கள் ஏழில் இரண்டின் முனை, சுவரில் உட்காரும் இடத்தில், உளுத்திருந்தது. செங்கால் உளுக்காது என்று சொல்வார்கள். தகரத்தின் ஆணி ஓட்டை வழியாக இருபது முப்பது வருடம் தண்ணீர் சொட்டினால் அதுவும் உளுக்கும். கரையான் மட்டும் அதைத் தொடவில்லை. பிற்காலத்தில் யாரோ இடையில் செருகிய மெராந்தி மரக் கட்டைகளைத்தான் உள்ளே வெறும் மண்ணாக்கி வைத்திருந்தது. ஈப்போவில் பழைய வீடு இடித்த மரம் விற்கும் இடத்தில் அதே கனத்தில் செங்கால் கிடைத்தது. உளுத்ததை வெட்டி, 60 செ.மீ. நீளத்துக்குச் சாய்வு வெட்டாகப் பொருத்தி, நாலு நாலு போல்ட்டு முடுக்கினேன். அந்த மரத்தில் துளை போடுவதற்குள் ஆறு பிட்டு மழுங்கியது. அறுக்கும்போது வந்த வாசனை, அத்தனை வருடப் பழைய மரத்திலிருந்து, புதிதாக வெட்டியது போலவே இருந்தது. 4,700 வெள்ளி.

இரண்டாவது பெரிய தவறு சாய்தளம். வார்டுத் தரை மண்ணிலிருந்து 560 மிமீ உயரம். முன்வாசலில் ஒரு பழைய சம்பங்கி மரம். அதை வெட்ட மனமில்லாமல், இருந்த நாலரை மீட்டருக்குள் சாய்தளத்தை முடித்தேன். கணக்கில் 8க்கு 1, அதாவது 8 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம். பார்க்க லேசாகத்தான் தெரிந்தது. சக்கர நாற்காலியில் வந்த முதல் ஆள், பர்மாவில் கண்ணிவெடியில் இரண்டு காலும் போன இளைஞர், பாதிவரை ஏறி நின்றுவிட்டார். தோளெல்லாம் நடுங்கியது. பின்னால் இருந்து நான் தள்ளினேன். மேலே வந்ததும் அவர் என்னைப் பார்த்து, மலாயில், "நானாக வர முடிந்தால் நன்றாக இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மலேசியத் தரம் எம்எஸ் 1184 இதற்கு 12க்கு 1 என்று சொல்கிறது. 560 மிமீ உயரத்துக்கு 6.72 மீட்டர் நீளம். மறு வாரமே முதல் தளத்தை உடைத்தோம். புதியதை மரத்தைச் சுற்றி இரண்டு மடிப்பாகப் போட்டேன்: 3.36 மீட்டர் ஏற்றம், நடுவில் 1.5 மீட்டர் சதுர மேடை, திரும்பி இன்னொரு 3.36. அகலம் 1.2 மீட்டர். மேல்பரப்பை ஈரத்தில் துடைப்பத்தால் கோடு இழுத்துவிட்டோம், மழையில் வழுக்காது. ஓரத்தில் 10 செ.மீ. திட்டு, சக்கரம் இறங்காமலிருக்க. கைப்பிடி இரண்டு உயரத்தில். பழைய சுவரிலிருந்து இரண்டு விரல் இடைவெளி விட்டே கட்டினேன். நாளைக்கு யாராவது எடுத்தாலும் சுவரில் ஒரு கீறலும் இருக்காது. தளத்தின் ஈரமும் சுவருக்கு ஏறாது. முதல் தளம் 2,100, உடைத்தது 450, இரண்டாவது 3,900, கைப்பிடி 1,850. மரம் இன்னும் பூக்கிறது. நடு மேடைக்கு அது நிழல் தருவதால் இப்போது எல்லாரும் அங்கேதான் நின்று பேசுகிறார்கள்.

கழிவறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1.5 மீட்டர் வட்டத்தில் நாற்காலி திரும்ப வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பிடிகம்பியைச் செங்கல்லில் திருகாமல் பின்னால் மரச்சட்டம் கொடுத்துத் திருக வேண்டும். 5,300 வெள்ளி. மின்சார வயரிங் முழுவதையும் லைசென்ஸ் உள்ள நண்பர் ஒருவர் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்.

பின்பக்கச் சமையல் கொட்டகைக்கு, வார்டுக்கு அடியில் கிடந்த பழைய ஓடுகளையே வேய்ந்தோம். 380 ஓடு உடையாமல் இருந்தது, 25 சதுர மீட்டருக்குச் சரியாக வந்தது. அடுப்பு மட்டும் இரண்டு இடத்தில் வைத்தேன். ஹலால் சமைப்பவர்கள் இருக்கிறார்கள், மரக்கறி மட்டும் சாப்பிடும் ஈழத்து அம்மா ஒருவர் இருக்கிறார். இரண்டு அடுப்பு எதற்கு என்று ஒருவர் கேட்டார். முதல் உலகப் போரில் இங்கிலாந்தின் பிரைட்டன் ஊரிலிருந்த அரண்மனையை, ராயல் பெவிலியனை, காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். 1914 டிசம்பரில் ஆட்கள் வந்தார்கள். அங்கே ஒன்பது சமையற்கூடம் வைத்தார்களாம், அவரவர் மதத்துக்கும் சாதிக்கும் ஏற்ப. இந்தியர்கள் போன பிறகு கை கால் இழந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அதே இடம் 1920வரை பயன்பட்டது. ஒன்பதுக்கு நம்மிடம் இடமில்லை, இரண்டு அடுப்பாவது இருக்கட்டும் என்றேன்.

நடைக்கம்பி நானே செய்தது. ஒன்றரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், 3.6 மீட்டர் நீளம், உயரத்தைக் கூட்டிக் குறைக்கத் துளையும் ஊசியும். அகலத்தைக் கண்ணளவில் 70 செ.மீ. வைத்தேன். முல்லைத்தீவுப் பக்கத்துத் தம்பி ஒருவர், 2009இல் முழங்காலுக்குக் கீழே இழந்தவர், ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் போட்டிருப்பவர், இரண்டு எட்டு வைத்துவிட்டு, "அண்ணை, இது கனக்க அகலம். கை விரிஞ்சு போகுது" என்றார். அவருக்கு 55 செ.மீ. சரியாக இருந்தது. ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அடிப்பட்டையில் அகலத்துக்கும் துளை போட்டேன். 720 வெள்ளி. அவருடைய காலைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி. கே. சேத்தியும் உருவாக்கியது, பாதம் ரப்பரில். எங்கள் மாநிலத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளிலிருந்து வளர்ந்த ஊர்களில் ஒன்று எங்களுடையது. என் அப்பா அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். அந்த ரப்பர் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

செப்டம்பரில் திறந்தோம். இரண்டாவது வாரம் மழை வந்தது.

தகரக் கூரையில் மழை என்றால் என்ன சத்தம் என்று தோட்டத்தில் பிறந்த எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கு அது தூக்கம் வரும் சத்தம். முதல் துளிகள் தனித்தனியாக, படபடவென்று விழுந்தன. அடுத்த நிமிடம் முழுக் கூரையும் அதிர்ந்தது. ரோஹிங்யாப் பெண் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள்ளேயே ஓடினார். இரண்டு பேர் சுவரோடு உட்கார்ந்துவிட்டார்கள். முல்லைத்தீவுத் தம்பி கம்பியை விட்டு, வராந்தாத் தூணைக் கட்டிப்பிடித்து நின்றார். மழை விட்ட பிறகு நான் அவர் பக்கத்தில் போய், "தம்பி, மழைதான்" என்றேன். "மழை எண்டு எனக்குத் தெரியும் அண்ணை. உடம்புக்குத் தெரியேல்லை" என்றார்.

சுவருக்கு நாலு மாதம், சாய்தளத்துக்கு ஒரு மாதம் கொடுத்திருந்தேன். கூரைச் சத்தத்துக்கு ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

அவசரத்தில் மறுபடி ஒரு தவறு. ஹார்ட்வேர் கடைத் தவுக்கே (முதலாளி), கூரைக்கு அடியில் ஒட்டும் வெள்ளித்தாள், நடுவில் காற்றுக் குமிழ் உள்ளது, சூட்டுக்கும் சத்தத்துக்கும் நல்லது என்றார். 980 வெள்ளிக்கு வாங்கி ஒட்டினோம். சூடு குறைந்தது உண்மை. சத்தம் 86இலிருந்து 84. போன் செயலி அளவு, ஒரு மழை போல் இன்னொரு மழையும் இராது, இருந்தாலும் காதுக்கே வித்தியாசம் தெரியவில்லை. சத்தத்தை நிறுத்த கனம் வேண்டும், அந்தத் தாளில் கனமே இல்லை.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை இயன்முறை மருத்துவரும் அந்தத் தம்பியும் நானும் காலை எட்டிலிருந்து மாலை ஏழுவரை வார்டில் உட்கார்ந்தோம். வேலை ஒன்றும் செய்யவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டு நோட்டில் எழுதினோம். பதினோரு சத்தம் வந்தது. பழைய காற்றாடி சுற்றும்போது வரும் தடதடப்பு, அதை ஹெலிகாப்டர் என்றார் தம்பி. இரும்புக் கதவு காற்றில் அடிப்பது. தண்ணீர் பம்பு திடீரென்று கிளம்புவது. எனக்கு முற்றிலும் தெரியாமல் போனது ஒன்று: சாயங்காலம் வெயில் மேகத்துக்குள் போனதும் தகரம் சூடு ஆறிச் சுருங்கும்போது 'டப்' என்று வெடிக்கும் சத்தம். ஐம்பது வருடமாக என் காதில் விழுந்துகொண்டிருந்தும் நான் கேட்டதே இல்லை. அவர் ஒவ்வொரு 'டப்'புக்கும் கண்ணை மூடித் திறந்தார்.

காற்றாடிகளுக்கு பேரிங் மாற்றினோம். பம்பைப் பின்கொட்டகைக்கு நகர்த்தி ரப்பர் மெத்தைமேல் வைத்தோம். தகரத்தில் பழைய ஆணிகளைப் பிடுங்கி, துளையைக் கொஞ்சம் நீளமாக்கி, ரப்பர் வாஷர் வைத்த திருகாணி போட்டோம். இப்போது தகரம் நகர இடம் இருக்கிறது, வெடிப்பதில்லை. கதவுச் சட்டத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வைத்திருந்த பழைய ரப்பர் ஷீட்டை நறுக்கி ஒட்டினேன். தோட்டத்து ரப்பரே இருக்கட்டும் என்ற ஆசைதான். மூன்று வாரத்தில் சூட்டுக்கு இளகிப் பிசுபிசுத்து, கதவு ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்த ஒருவர் கதவு திறக்கவில்லை என்று பதறிவிட்டார். அன்றே பிய்த்து எறிந்துவிட்டு லாரி டியூபை நறுக்கி ஒட்டினேன். அது பதப்படுத்திய ரப்பர், இளகாது.

அந்தக் கதவுப் பதற்றம் இன்னொன்றையும் காட்டியது. நீள வார்டுக்கு ஒரே வாசல்தான். கோடியில் உட்காருபவர்கள் எப்போதும் எழுந்து எழுந்து வாசல் பக்கம் வருவதை நாங்கள் பார்த்தும் காரணம் புரியாமல் இருந்தோம். கிழக்குச் சுவரைத் தட்டிப் பார்த்தபோது நடுவில் சத்தம் வேறு மாதிரி. பூச்சைச் சுரண்டினால் மேலே செங்கல் வளைவு, கீழே பிற்காலத்தில் அடைத்த கல். ஆஸ்பத்திரியாக இருந்தபோது இரண்டு வாசல் இருந்திருக்கிறது. வளைவுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து அடைத்த கல்லை எடுத்தோம். வளைவு அசையவில்லை. 900 மிமீ கதவு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியே தாழ்ப்பாளே இல்லை. 1,400 வெள்ளி. அன்றிலிருந்து கோடி நாற்காலிகளில் ஆள் உட்காருகிறது. சன்னல் இரும்புக் கம்பிகளையும் ஒரு பக்கம் மட்டும் கழற்றி, எண் போட்டு, வார்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவை அந்தக் காலத்துக் கம்பிகள், கழற்ற எனக்கு விருப்பம் இல்லை. தடுப்பு முகாமில் இருந்து வந்தவர்களுக்கு அது எப்படித் தோன்றும் என்று மருத்துவர் கேட்ட பிறகு மறுக்க முடியவில்லை.

கூரைக்கு வருகிறேன். ஓட்டுக் கூரையாகவே திருப்பி மாற்றலாமா என்று கணக்குப் போட்டேன். கூரைப் பரப்பு ஏறக்குறைய 247 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 15 ஓடு, 3,700 ஓட்டுக்கு எங்கே போவது? ஆனால் அந்தக் கணக்கு வேறு விதத்தில் உதவியது. ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்குமேல் இருக்கும், ஆக அந்தச் சட்டங்கள் ஒருகாலத்தில் பத்து டன் தாங்கியவை. அப்படியானால் கனமான உட்கூரை போடப் பயமில்லை. 12 மிமீ பிளைவுட் 56 தாள், தாள் 78 வெள்ளி, 4,368. அதன்மேல் 50 மிமீ ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு) 150 சதுர மீட்டர், 1,950. இரண்டும் சேர்ந்து ஒன்றரை டன் சொச்சம். மூட்டுகளில் எல்லாம் நுரைப்பட்டை வைத்து அழுத்தினோம், ஒரு விரல் இடுக்கு விட்டாலும் சத்தம் அதன்வழியாக வந்துவிடும். இரண்டு தச்சர், ஒன்பது நாள், 2,700. திருகாணி, பட்டை 610. மொத்தம் 9,628. ராக்வூல் வேலைக்கு முழுக்கைச் சட்டையும் முகமூடியும் கட்டாயம். முதல் நாள் அலட்சியமாக இருந்து இரவெல்லாம் கை அரித்தது.

பிப்ரவரியில் முடித்தோம். முடித்த வாரமே மூச்சுமுட்டியது. கூரை உச்சியில் காற்றுப் போக விட்டிருந்த இடைவெளி உட்கூரைக்கு மேலே போய்விட்டது. மறுபடி சுவரைப் பார்த்தேன். ஒவ்வொரு சன்னலுக்கு மேலேயும் மரச்சட்டத் துவாரம் இருந்து, அதை யாரோ பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். பன்னிரண்டையும் திறந்தோம். செலவு இல்லை. மத்தியானம் மூன்று மணிக்குக்கூட இப்போது காற்று ஓடுகிறது. இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் செய்து வைத்ததை நான் திறந்துவிட்டதுதான் பாதி வேலை.

கணக்கு நோட்டில் மொத்தம் 40,928 வெள்ளி. அதில் 4,170 என் தவறுகளுக்குப் போனது: உரிந்த பெயிண்டு, உடைத்த சாய்தளம், வெள்ளித்தாள். ஊர்க்காரர்கள் பத்து இருபதாகப் போட்ட காசும் அதில் உண்டு என்பதால் இதை ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த தடவை இப்படி ஒரு கட்டடம் கைக்கு வந்தால், அளவு நாடாவை எடுப்பதற்கு முன் அங்கே வரப்போகிறவர்களில் இரண்டு பேரைக் கூட்டிப் போய் ஒரு முழு நாள் உட்கார்ந்து சத்தம் கேட்பேன். மழை நாளாக ஒன்று, வெயில் நாளாக ஒன்று. சுவரடியைத் தோண்டிப் பார்ப்பது இரண்டாவது. அடைத்த வாசல், அடைத்த துவாரம் எங்கே என்று தட்டிப் பார்ப்பது மூன்றாவது. சாய்தளத்தை முதலில் பலகையில் அமைத்து, நாற்காலியில் ஒருவர் தானாக ஏறிக் காட்டிய பிறகே கான்கிரீட்.

இன்னும் மீதி வேலை இருக்கிறது. தீபாவளிப் பட்டாசுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. போன வருடம் பக்கத்து வீடுகளில் போய்ச் சொன்னோம், பிள்ளைகள் திடல் பக்கம் போய் வெடித்தார்கள், ஆனாலும் கேட்டது. புல் வெட்டும் மெஷின் பயிற்சி நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகுதான் வரும் என்று தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒத்துக்கொண்டிருக்கிறார். வராந்தாவுக்கு உட்கூரை இல்லை, மழை நேரத்தில் அங்கே இன்னும் 80க்குமேல் காட்டுகிறது. அதற்குப் பதினெட்டு பிளைவுட் தாள் வேண்டும். தாத்தா பிடித்து நடந்த கைப்பிடியில் இரண்டு இடத்தில் மட்டும் மரம் மாற்ற வேண்டியிருக்கிறது. வாங்கிய செங்காலில் ஒன்றரை மீட்டர் மிச்சம் இருக்கிறது, அது போதும்.